கடல் பக்கத்துல புது ஃப்ளாட் வாங்க அத்தையோட வீட்ட விக்கலாமா?

இந்த வாரம் ஒரு தோழியோட லெட்டர். கையால எட்டு பக்கம் எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. ரெண்டு இடத்துல எழுதி அடிச்சு, மறுபடி எழுதி மறுபடி அடிச்சிருக்காங்க, எனக்கு அந்த ரெண்டு இடம்தான் ரொம்ப முக்கியமாப் பட்டுச்சு. ஆள் யாருன்னு தெரியுற மாதிரி இருந்ததையெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

தோழிக்கு 41 வயசு, கல்யாணமாகி 16 வருஷம். ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை, காலைல ஏழரைக்கு டியூட்டி ஆரம்பம். வீட்டுக்காரருக்கு 44, வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்தே வேலை பாக்குறார். பையன் 14, பொண்ணு 8. எல்லாரும் மாமியாரோட பழைய வீட்டுல ஒண்ணாத்தான் இருக்காங்க. மாமனார் தவறி 14 மாசம் ஆச்சு, அதுக்கப்புறம் வீட்டுக்காரருக்கு சரியா தூக்கமே இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஹால்ல உக்காந்துடுறார். நடுவுல குடும்பத்தோட அஞ்சு நாள் கடலோரமா ஒரு இடத்துக்குப் போயிருந்தப்போ மனுஷன் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கியிருக்கார். அதுல இருந்து ஒரே பேச்சு. கடலுக்கு 600 மீட்டர் தள்ளி புதுசா ப்ளான் பண்ணி கட்டுற ஒரு புறநகர், அகலமான ரோடு, பார்க்கு, சைக்கிள் பாதை, அஞ்சாவது மாடியில ஒரு ஃப்ளாட். பழைய வீட்ட வித்துட்டு, பத்தாததுக்கு ரெண்டு பேர் பேர்லயும் லோன் போட்டுப் போயிடலாம்ங்கறார். தோழிக்கு இப்ப 25 நிமிஷத்துல முடியுற வேலைக்குப் போற தூரம் அங்க போனா ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும். பையன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான், பொண்ணு குதிக்கிறா. மாமியாரக் கேட்டா "உங்க இஷ்டம்"னு ஒரு வார்த்தைதான். ஆனா சைட்ட பாத்துட்டு வந்த நாள்ல இருந்து வீட்டுச் சாவிக்கொத்த தலைகாணிக்கு அடியில வச்சுட்டுத்தான் தூங்குறாங்களாம். மாசக் கடைசிக்குள்ள புக்கிங் பணம் கட்டலேன்னா ஆஃபர் போயிடும். "வேண்டாம்னு சொன்னா அவரோட நிம்மதிய நான் கெடுக்குற மாதிரி இருக்கு, சரின்னு சொன்னா என் உயிரே போயிடும் போல இருக்கு, நான் சுயநலக்காரியா?" இதுதான் கேள்வி.

தோழி, முதல்ல அந்தக் கடைசிக் கேள்விக்கு பதில். இல்ல. மாத்தம் வந்தா யாரோட நாள் அதிகமா மாறப் போகுதோ அவங்க பயப்படுறது சுயநலம் இல்ல, கணக்கு. நீங்க கணக்கப் போட்டுட்டீங்க, அத வாய் விட்டுச் சொல்லத்தான் தெம்பு இல்ல, அதான் அந்த இடத்துல அடிச்சு அடிச்சு எழுதியிருக்கீங்க. "அவருக்குக் கடல் காத்துதான் மருந்து, நான் யாரு தடுக்க"ன்னு எழுதி அடிச்சது ஒரு இடம். "அத்தைகிட்ட யாருமே நிஜமாக் கேக்கல"ன்னு எழுதி அடிச்சது இன்னொரு இடம். நான் பேசப் போறது பெரும்பாலும் இந்த ரெண்டப் பத்தித்தான்.

உங்க வீட்டுக்காரர வில்லனாக்கவும் எனக்கு மனசில்ல. அப்பா போன வீட்டுல அப்பாவோட நாற்காலி, அப்பாவோட செருப்பு ஸ்டாண்டு, அப்பா திட்டுன அதே பாத்ரூம் குழாய், இதையெல்லாம் தினமும் பாக்குற மனுஷனுக்கு எங்கயாவது போயிடணும்னு தோணுறது ரொம்ப இயல்பு. அவர் கேக்குறது ஃப்ளாட்டான்னு எனக்கு சந்தேகமா இருக்கு, அவர் கேக்குறது தூக்கம்.

கடல் காத்து மருந்தா?

கடல் பக்கத்துல இருக்குறவங்க மனசு கொஞ்சம் நல்லா இருக்குங்கறது சும்மா பேச்சு இல்ல. 2019ல இங்கிலாந்துல எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரங்க, நகரத்துல இருக்குற கிட்டத்தட்ட 26,000 பேரோட விவரத்த வச்சுப் பாத்தாங்க. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்குறவங்களுக்கு, 50 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்குறவங்கள விட மனநலப் பிரச்சனை கொஞ்சம் குறைவா இருந்துச்சு, அதுவும் வருமானம் ரொம்பக் கம்மியா இருக்குற குடும்பங்கள்ல அது நல்லாவே தெரிஞ்சுது. ஆனா இத "கடல் பக்கம் போனா சரியாயிடும்"னு படிக்கக் கூடாது. ஏற்கனவே அங்க இருக்குறவங்களப் பாத்து எடுத்த கணக்கு இது, தூக்கம் போன ஒருத்தர அங்க கொண்டு போய் வச்சு சோதிச்சது இல்ல.

அந்த அஞ்சு நாள் அவர் தூங்குனதுக்குக் கடல் மட்டும்தானா காரணம்? அந்த அஞ்சு நாள் ஆஃபீஸ் போன் இல்ல, அப்பாவோட ரூம் இல்ல, காலைல எந்திரிக்கணும்ங்கற கெடு இல்ல, பகல்ல நல்லா நடந்திருப்பார், ராத்திரி லேப்டாப் தொட்டிருக்க மாட்டார். ஃப்ளாட்டுக்குப் போன மூணாவது மாசம் ஆஃபீஸும் லேப்டாப்பும் அங்கயும் வந்துடும், கூடவே லோனும் வந்துடும். லோனோட சேந்து வர்ற தூக்கம் எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா.

வாரத்துல குறைஞ்சது மூணு ராத்திரி, மூணு மாசமாவது தூக்கம் கெட்டுப் போனா அதுக்கு வைத்தியம் இருக்கு. மாத்திரையில ஆரம்பிக்கணும்னுகூட இல்ல. அமெரிக்காவுல பொது மருத்துவ டாக்டர்களோட பெரிய சங்கம் ஒண்ணு 2016லயே சொல்லிடுச்சு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்ல, பேச்சும் பழக்கமும் சேந்த சிகிச்சைன்னு. படுக்குற நேரம், எந்திரிக்கிற நேரம், படுக்கையில எதெல்லாம் செய்யக் கூடாதுன்னு படிப்படியா மாத்துவாங்க, பொதுவா சில வாரத்துலயே வித்தியாசம் தெரியும். துக்கம் ஒரு வருஷம் தாண்டியும் அன்னைக்கு நடந்த மாதிரியே அழுத்திட்டு இருந்தா அதையும் தனியாப் பாக்கணும். அதுக்கு மனநல டாக்டரோ கவுன்சிலரோ இருக்காங்க, பைத்தியம்னு யாரும் எழுதிட மாட்டாங்க. வீட்ட விக்கிறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாருங்க, இது பிடிக்கலேன்னா பாதியில விட்டுடலாம், வித்த வீட்ட அப்படித் திருப்பி வாங்க முடியாது.

சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும்

லெட்டர்ல ஒரு வரி என் கண்ணுல பட்டுச்சு. சைட்ட ரெண்டு தடவ பாத்திருக்கீங்க, ரெண்டு தடவையும் சனிக்கிழமை மத்தியானம். சனிக்கிழமை மத்தியானம் எந்த ஊரும் நல்லாத்தான் இருக்கும் தோழி. குழந்தைங்க சைக்கிள் ஓட்டும், காத்து வரும், சேல்ஸ் ஆபீஸ்ல ஜூஸ் குடுப்பாங்க. அவர் வாங்க நினைக்கிறது அந்த சனிக்கிழமைய. நீங்க குடியிருக்கப் போறது செவ்வாய்க்கிழமையில.

அதனால ஒரு பேப்பர் எடுங்க. புது வீட்டுல ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைய காலைல அஞ்சு மணியில இருந்து ராத்திரி பத்து வரைக்கும் மணிக்கு மணி எழுதுங்க, நீங்க ஒண்ணு, அவர் ஒண்ணு, தனித்தனியா, ஒருத்தர் பேப்பர ஒருத்தர் பாக்காம. ஏழரை டியூட்டிக்கு நீங்க ஆறேகாலுக்குக் கிளம்பணும். பொண்ணுக்குத் தலை பின்னுறது யாரு? அவர் ஆஃபீஸ் போற ரெண்டு நாள் அவள ஸ்கூல் வேன்ல ஏத்துறது யாரு? அத்தைக்கு மாத்திரை தீந்து போச்சுன்னா மருந்துக் கடை எவ்வளவு தூரம், அவங்களே நடந்து போயிட முடியுமா? இந்த விளையாட்ட நான் பல தம்பதிங்களுக்குக் குடுத்திருக்கேன், எழுதி முடிக்கும்போது ஒருத்தர் பேப்பர் நெறஞ்சு வழியும், இன்னொருத்தர் பேப்பர்ல மத்தியானம் மூணு மணி காலியா இருக்கும். அதுக்கு மேல நான் பேச வேண்டிய அவசியமே இருக்காது.

உங்க கணக்க நானே போட்டுப் பாத்தேன். ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம் கூடுது, போக வர ஒன்றரை மணி நேரம், மாசத்துல 22 நாள் வேலைன்னா 33 மணி நேரம். எட்டு மணி நேர டியூட்டியில நாலு நாளுக்கும் மேல, சம்பளம் இல்லாம, பஸ்ஸுல. சுவிட்சர்லாந்து பொருளாதார நிபுணர்கள் புரூனோ ஃப்ரை, அலோயிஸ் ஸ்டட்ஸர் ரெண்டு பேரும் ஜெர்மனி விவரங்கள வச்சு 2008ல ஒரு கட்டுரை போட்டாங்க. தூரமாப் போனா வீடு பெருசாக் கிடைக்கும், வாடகை குறையும், அந்த சந்தோஷம் பயணக் கஷ்டத்த ஈடு கட்டிடும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம், ஆனா கணக்குல அப்படி ஈடு ஆகல, தூரம் கூடக் கூட வாழ்க்கையில திருப்தி குறைஞ்சுதான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி 2004ல டெக்ஸாஸ்ல வேலைக்குப் போற 909 பெண்கள்கிட்ட, நேத்து ஒவ்வொரு நேரமும் மனசு எப்படி இருந்துச்சுன்னு எழுதச் சொன்னாங்க. நாள் முழுக்க செஞ்ச வேலைகள்ல மனசு ரொம்பக் கீழ கிடந்தது காலைல வேலைக்குப் போற பயணத்துலதான். உங்க பயம் உங்க ஒருத்தரோட பயம் இல்ல.

அதுக்காக புது ஊர்னாலே ஆபத்துன்னும் நான் சொல்ல மாட்டேன். இதுல எனக்குப் பிடிச்ச ஒரு கதை இருக்கு. ஸ்டீபன் டெய்லர்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், 1938ல ஒரு மருத்துவப் பத்திரிகையில, புது புறநகருக்குக் குடி போன பெண்களுக்கு தனிமையால ஒரு விதமான நரம்புத் தளர்ச்சி வருதுன்னு எழுதினார், அது ரொம்பப் பிரபலம் ஆச்சு. போர் முடிஞ்சு 1946ல சட்டம் போட்டு புதுசு புதுசா ஊர் கட்டினப்போ அதையும் "நியூ டவுன் சோகம்"னு பேரு வச்சுக் கூப்பிட்டாங்க. ஆனா அதே டெய்லர் இன்னொருத்தரோட சேந்து நெஜமாவே ஆய்வு பண்ணி 1964ல வெளியிட்டப்போ, அந்த மாதிரி பதட்டமும் சோர்வும் இருக்குறவங்க பழைய ஊர்லயும் புது ஊர்லயும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருந்தாங்க. தான் முன்னாடி சொன்னதுக்கு எதிரா வந்தத அவரே அச்சுல போட்டார் பாருங்க, அதுக்கே ஒரு கும்பிடு. உங்க வீட்டு விஷயத்துக்கு இது ரெண்டு பக்கமும் வெட்டும். புது ஊரு உங்கள நோயாளி ஆக்கிடாது. அதே மாதிரி பழைய ஊர்ல இருந்து கொண்டு போற துக்கத்த புது ஊரு வாசல்லயே இறக்கி வச்சுக்காது.

பையனப் பத்தி சுருக்கமா. 14 வயசுல நண்பர்கள்தான் பாதி உலகம். டென்மார்க்ல 1971ல இருந்து 1997 வரைக்கும் பொறந்த 14 லட்சம் பேருக்கு மேல எடுத்துப் பாத்த ஒரு ஆய்வுல, சின்ன வயசுல ஊர் மாறினவங்களுக்குப் பிற்காலத்துல பிரச்சனை கொஞ்சம் அதிகமா இருந்துச்சு, அதுலயும் 12ல இருந்து 14 வயசுக்குள்ள மாறினவங்களுக்குக் கூடுதலா. காரணம் ஊர் மாறுனது மட்டும்தானா, இல்ல அந்த மாதிரி குடும்பத்துல வேற சிக்கலும் இருந்துச்சான்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம், அதனால இத வச்சு வீட்டுக்காரர பயமுறுத்தாதீங்க. மாறுனாலும் ஸ்கூல் மாத்தாம இருக்க முடியுமான்னு மட்டும் பாருங்க. அவன்கிட்ட "உனக்கு என்ன வேணும்"னு கேக்காதீங்க, "போனா உனக்கு எது போயிடும்"னு கேளுங்க, நீளமா பதில் வரும்.

அத்தையோட வீடு

இதுல நான் கொஞ்சம் கறாராவே பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. "அது எப்படியும் எங்களுக்கு வர வேண்டிய வீடுதானே"ன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னதா எழுதியிருக்கீங்க. நெறைய பிள்ளைங்க அப்படித்தான் நினைக்கிறாங்க, ஆனா அது சரி இல்ல. வீடு அத்தை பேர்ல இருந்தா அவங்க உயிரோட இருக்குற வரைக்கும் அது அவங்க வீடு. நாளைக்கு வரும்ங்கற எதிர்பார்ப்பு வேற, இன்னைக்கு இருக்குற உரிமை வேற. வேற ஊர்ல ஒரு நாத்தனார் இருக்காங்கன்னும் எழுதியிருக்கீங்க, மாமனார் போனதுக்கு அப்புறம் பத்திரம் யார் யார் பேருக்கு மாறிச்சு, அவங்களுக்குப் பங்கு உண்டா, இத முதல்ல ஒரு வக்கீல்கிட்ட காட்டிடணும், நான் மனசுக்கு ஆலோசனை சொல்ற கவுன்சிலர், பத்திரம் படிக்கிறவ இல்ல.

ஆனா நான் பாத்த வரைக்கும் சண்டை பத்திரத்துல ஆரம்பிக்கிறதில்ல. "உங்க இஷ்டம்"ங்கற வார்த்தையில ஆரம்பிக்குது. 70 வயசு அம்மா மகன்கிட்ட "உங்க இஷ்டம்"னு சொன்னா அது சம்மதம் இல்ல, நான் வேண்டாம்னு சொன்னா நீங்க என்ன விட்டுடுவீங்களோங்கற பயம். சாவிக்கொத்து தலைகாணிக்கு அடியில போயிடுச்சுல்ல, பதில் அங்க இருக்கு.

அவங்ககிட்ட யாராவது நிஜமாக் கேக்கணும். மகன் கூட உக்காந்துட்டுக் கேக்கக் கூடாது, நீங்க தனியா, கீரை ஆயுறப்பயோ துணி மடிக்கிறப்பயோ, கண்ணப் பாக்காம வேலையப் பாத்துட்டே கேளுங்க. "வரீங்களா அத்தை"ன்னு கேக்காதீங்க, அதுக்கு ஒரே பதில்தான் வரும். "இந்த வீட்டுல எத விட்டுட்டு வர முடியாது?"ன்னு கேளுங்க. அது மாமனார் போன ரூமா இருக்கலாம், எதிர் வீட்டு சிநேகிதியா இருக்கலாம், பத்து நிமிஷத்துல நடந்து போற டாக்டரா இருக்கலாம். சிலத புது ஊருக்குக் கூட்டிட்டுப் போக முடியும், சிலத முடியாது. சில சமயம் ஆச்சரியமா, "இந்த வீட்டுல எனக்கும் ராத்திரி பயமா இருக்கு, போயிடலாம்"னு அவங்களே சொல்லவும் வாய்ப்பிருக்கு. அப்படிச் சொன்னா நான் இதுவரைக்கும் எழுதுனதுல பாதிய அடிச்சுடுங்க.

அவங்க மனசாரச் சம்மதிச்சு வித்தாலும் மூணு விஷயம் எழுத்துல இருக்கணும். அவங்க பணம் எவ்வளவு போச்சோ அந்த அளவுக்குப் புது வீட்டுப் பத்திரத்துல அவங்க பேரும் இருக்கணும், இல்லேன்னா கடைசி வரைக்கும் அங்க குடியிருக்குற உரிமையாவது முறையா எழுதிப் பதிவாகணும். வித்த பணம் முழுசும் ஃப்ளாட்டுக்குள்ள போயிடக் கூடாது, ஒரு பகுதி அவங்க அக்கவுன்ட்ல அவங்க கையெழுத்துல இருக்கணும். அவங்களுக்கு ஆலோசனை சொல்ற வக்கீல் உங்க ரெண்டு பேரோட வக்கீலா இருக்கக் கூடாது. வாய் வார்த்தை போதாதான்னு வீட்டுக்காரர் கோவப்படுவார். அவர் நல்லவர்தான். வாய் வார்த்தைக்கு ஆயுசு அத சொன்னவங்க இருக்குற வரைக்கும்தான்னு சொல்லுங்க.

உங்களுக்கும் ஒண்ணு. "லோன்ல என் பேரும் இருக்கு, அதனால வீடு எனக்கும் சொந்தம்தான்"னு நாலாவது பக்கத்துல எழுதியிருக்கீங்க. அவசரப்படாதீங்க. லோன்ல பேர் இருந்தா கடன் உங்களுது. பத்திரத்துல பேர் இருந்தாதான் வீடு உங்களுது. கோ-பாரோயரா, அதாவது கூட்டுக் கடன்காரரா கையெழுத்துப் போட்டுட்டு பத்திரத்துல பேரே இல்லாம இருக்குற பெண்கள நான் நெறையப் பாத்திருக்கேன், எல்லாம் நல்லாப் போயிட்டு இருக்குற வரைக்கும் அது யாருக்கும் தெரியாது. ரெண்டுலயும் உங்க பேர் இருக்கான்னு கண்ணால பாருங்க.

ப்ளான் பண்ண ஊர்னா

ப்ளான் இருக்குற ஊருங்கறதுக்கும் கட்டி முடிச்ச ஊருங்கறதுக்கும் நடுவுல பத்து வருஷம்கூட ஓடிடலாம். ப்ரோஷர் மேப்ப எடுங்க, ஒரு பேனா எடுங்க, இன்னைக்கு நெஜமா ஓடிட்டு இருக்குறத மட்டும் வட்டம் போடுங்க. ஸ்கூல் வரப் போகுதா, வந்துடுச்சா? பஸ் ரூட்டு இருக்கா, புள்ளி புள்ளியா கோடு போட்டிருக்கா? ஆஸ்பத்திரிக்குன்னு ஒதுக்கின இடத்துல இப்ப என்ன இருக்கு? வட்டத்துக்குள்ள வந்தத மட்டும் வச்சு அந்த செவ்வாய்க்கிழமைய எழுதுங்க. விளம்பரத்துல சொன்னதெல்லாம் ஒப்பந்தத்துல இருக்கான்னு வக்கீல் பாக்கட்டும், ஒப்பந்தத்துல இல்லாதத அப்புறம் கேட்டு வாங்குறது நாய் பட்ட பாடு.

பால்கனியில இருந்து கடல் தெரியுதுன்னு அவர் ரொம்ப சந்தோஷப்பட்டதா எழுதியிருந்தீங்க. நடுவுல இருக்குற காலி மனை யாரோடது, அங்க எத்தனை மாடி வரைக்கும் கட்டலாம்? எழுதி வாங்காத வரைக்கும் காட்சிக்குப் பட்டயம் கிடையாது.

கடலப் பத்தி நான் பேசுறது குடியிருந்த அனுபவத்துல. நான் நாலு வருஷம் கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்தவ. சாயங்காலம் மொட்டை மாடியில உக்காந்தா சொர்க்கம், இன்னைக்கும் அதுக்கு ஏங்குறேன். ஆனா கண்ணாடியத் தொடைச்சு வச்சா காலைல உப்பு பூத்திருக்கும், ஜன்னல் கீல் ரெண்டாவது வருஷமே கத்த ஆரம்பிச்சுது, ஏசி வெளி யூனிட் தகடு துரு பிடிச்சு உதிரும், பையனோட சைக்கிள் செயின் மாசத்துக்கு ஒரு தடவ எண்ணெய் கேக்கும். உப்பு காத்தோட வேகமும் அளவும் கரையில இருந்து தள்ளத் தள்ள சட்டுனு குறையும், 600 மீட்டருங்கறது முதல் வரிசை மாதிரி மோசம் இல்ல, ஆனா நடுவுல மறைப்பே இல்லாத அஞ்சாவது மாடின்னா கவனிக்கணும். கான்கிரீட்டுக்குள்ள இருக்குற கம்பிக்கு உப்பு போய்ச் சேந்தா துருப் பிடிச்சு, கம்பி ஊதி, கான்கிரீட்ட உள்ள இருந்தே பொளக்கும். அதனால பராமரிப்பு நிதின்னு ஒண்ணு இருக்கா, மாசா மாசம் எவ்வளவுன்னு கேளுங்க. ஃப்ளாரிடாவுல சர்ஃப்சைடுங்கற கடற்கரை ஊர்ல 2021 ஜூன் 24 அன்னைக்கு 12 மாடி அபார்ட்மென்ட் ஒண்ணு பாதி இடிஞ்சு விழுந்து 98 பேர் செத்தாங்க. ஏன் விழுந்துச்சுங்கறது பெரிய விசாரணை, நான் சொல்ல வர்றது அது இல்ல. கான்கிரீட் கெட்டுப் போயிருக்குன்னு 2018லயே ஒரு இன்ஜினியர் எழுதிக் குடுத்திருந்தார், செலவ யார் எவ்வளவு போடுறதுங்கற தகராறுலயே குடியிருந்தவங்களுக்கு மூணு வருஷம் போச்சு. உங்க மேல் வீட்டுக்காரரோட மாசா மாசம் உக்காந்து பேசி முடிவெடுக்க வேண்டிய வாழ்க்கை அது, தனி வீட்டுல இருந்து போறவங்களுக்கு அது பழக சிரமம்.

தண்ணி எங்க இருந்து வருதுன்னு கேளுங்க. கடலோர மண்ணுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, நல்ல தண்ணி மட்டம் கடல் மட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் இருந்தா அதுக்குக் கீழ சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணி மிதந்துட்டு நிக்கும், மேல ஒரு மீட்டர் இறங்குனா அடியில உப்புத் தண்ணி அந்த 40 மீட்டரும் ஏறி வரும். ஊரே போர் போட்டு உறிஞ்சினா முதல் வருஷம் இனிச்ச தண்ணி அஞ்சாவது வருஷம் கரிக்கும். மனை முன்னாடி என்னவா இருந்துச்சுன்னும் கேளுங்க, சதுப்பா, கடலத் தூத்த நிலமா? 2011 மார்ச் நிலநடுக்கத்துல, நடுக்க மையத்துல இருந்து ரொம்ப தூரத்துல இருந்த டோக்கியோ வளைகுடா ஓரத்து உராயாசுல, கடலத் தூத்துக் கட்டின இடத்துல மண்ணு குழம்பா இளகி வீடுங்க சாஞ்சுது. நிலநடுக்கம் இல்லாத ஊர்லயும் அந்த மாதிரி மண்ணு மெதுவா உக்காரும். வெள்ளத்துக்கு அஞ்சாவது மாடிக்கு என்ன பயம்னு கேக்காதீங்க. லிஃப்டு, பம்பு, கரண்டு போர்டு எல்லாம் தரையிலதான இருக்கும், அத்தை அஞ்சு மாடி ஏறுவாங்களா? கடல் பொங்கி இருக்குற நேரம் பாத்து பெரிய மழையும் வந்தா தெருத் தண்ணி வடியாது, போன மழையில எத்தனை நாள் நின்னுச்சுன்னு சேல்ஸ் ஆபீஸ்ல கேக்காம அங்க காவலுக்கு இருக்குறவர்கிட்ட கேளுங்க.

அப்ப என்ன பண்ணலாம்

விக்காம போய்ப் பாக்குற வழி ஒண்ணு இருக்கு. அதே புறநகர்ல ஏற்கனவே குடி வந்தவங்க யாராவது வாடகைக்கு விடுறாங்களான்னு தேடுங்க. ஆறு மாசம், அதுல மழைக் காலம் கட்டாயம் சேரணும். அத்தை வர்றதா, பழைய வீட்டுலயே இருந்து வாரக் கடைசிக்கு வர்றதாங்கறத அவங்களே சொல்லட்டும், ஆனா இங்க தனியா விட்டா ராத்திரிக்கு யார் துணைன்னு முடிவு பண்ணிட்டுத்தான் நீங்க கிளம்பணும். வாடகை தெண்டச் செலவுன்னு அவர் சொல்லுவார். தப்பான வீட்ட வாங்கி ரெண்டு வருஷத்துல விக்கிறதுக்கு ஆகுற பத்திரச் செலவ விட அது கம்மிதான்.

அதுகூட இப்ப முடியாதுன்னா அவர் மட்டும் வீட்டுல இருந்து வேலை பாக்குற அந்த மூணு நாள, ரெண்டு வாரத்துக்கு அங்க ஒரு ரூம் எடுத்து, ஆஃபீஸ் வேலையோட இருந்து பாக்கட்டும். லீவு போட்டுட்டு இல்ல. தூங்குறாரா பாருங்க. நீங்க லீவே போடாம காலைல ஆறேகாலுக்கு அந்த பஸ்ஸ்டாப்புல நில்லுங்க, மூணு நாள் போதும், ஒரு நாள் மழை பெஞ்சா நல்லது. ஒருவேளை அந்த பஸ்ல உக்கார சீட்டு கெடச்சு, ஜன்னலோரம் தலை சாச்சு, வீட்டுல கெடைக்காத ஒரு மணி நேரம் உங்களுக்கே உங்களுக்குன்னு கெடைச்சதா தோணிச்சுன்னா அதையும் ஒளிக்காம எழுதிக்கோங்க. அப்படியும் சிலருக்கு நடந்திருக்கு, நான் முன்னாடியே தீர்ப்பு எழுதல.

லேப் வேலைய அந்தப் பக்கம் மாத்திக்க வழி இருக்கான்னு பாக்கலாம், ஆனா வேலை கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் அது ஒரு வழி. "அங்க போயிட்டா ஏதாவது கெடைக்கும்"ங்கறத வழின்னு கணக்குல எடுக்காதீங்க.

புக்கிங் தேதி பத்தி. மாசக் கடைசிங்கறது அவங்க கணக்கு, உங்க குடும்பத்தோட கணக்கு இல்ல. கட்டியே ஆகணும்னு வீட்டுக்காரர் நின்னார்னா, கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: வேண்டாம்னு முடிவு பண்ணினா எத்தனை நாளைக்குள்ள எவ்வளவு திரும்பி வரும், அது எந்த பேப்பர்ல எந்த வரியில இருக்கு? அந்த வரியக் காட்டலேன்னா பணம் கட்டாதீங்க. இந்த ப்ளாக் போனா அடுத்த ப்ளாக் வரும், புதுசா கட்டுற ஊர்ல ஃப்ளாட்டுக்கா பஞ்சம்.

இன்னைக்கு ராத்திரி அவர்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேட்டிருந்தீங்க. வீட்டப் பத்தி ஆரம்பிக்காதீங்க. ரெண்டு மணிக்கு அவர் எந்திரிச்சு ஹாலுக்குப் போறப்போ நீங்களும் எந்திரிச்சுப் போங்க, லைட்டு போடாதீங்க, பக்கத்துல உக்காந்து "அந்த அஞ்சு நாள் எப்படித் தூங்குனீங்க, சொல்லுங்க"ன்னு மட்டும் கேளுங்க. அவர் பேசுற வரைக்கும் ஃப்ளாட்டு, லோனு, பஸ்ஸு எதுவும் வேண்டாம். முதல் ராத்திரி அவர் கடலப் பத்திப் பேசுவார். ரெண்டாவது ராத்திரியோ மூணாவது ராத்திரியோ அப்பாவப் பத்திப் பேசுவார்னு நினைக்கிறேன். அதுக்கு அப்புறம் செவ்வாய்க்கிழமை பேப்பர எடுங்க. ரெண்டு பேரும் எழுதுனத எனக்கும் ஒரு போட்டோ அனுப்புங்க, அடிச்ச இடத்தோடயே.